எண்ணெய்க்குள் கொதிக்கும் தண்ணீர்

பழ பஜ்ஜி போட ஏத்தம்பழம் வாங்கப் போகிறவர் அழகான பழத்தைத் தேடக் கூடாது. தோல் முழுக்க மஞ்சளாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் மினுக்கும் பழம் படம் எடுக்க ஆகும். எண்ணெய்ச் சட்டிக்கு ஆகாது. தோலில் பாதி கறுத்து, காம்பைத் தொட்டால் கழன்றுவரும் நிலையில், ஆனால் அழுத்தினால் விரல் உள்ளே புதையாத பழம்தான் வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கடைக்காரர்களிடம் “பஜ்ஜிக்கு” என்று சொன்னால் அவர்களே அந்தச் சீப்பைத் தேடி எடுத்துத் தருவார்கள். மற்ற ஊர்களில் நேந்திரம்பழம் என்று கேட்க வேண்டும். கேரளத்தில் பழம்பொரி என்றும் ஏத்தக்காப்பம் என்றும் டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருப்பது இதே பலகாரம்தான்.

இவ்வளவு எளிய பலகாரத்துக்கு அறிவியல் நூலில் ஓர் அத்தியாயம் எதற்கு? பொரித்தல் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி தலைகீழானது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பதால்தான். பொரிப்பது எண்ணெயின் வேலை என்று நினைக்கிறோம். எண்ணெய் சூட்டைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. மொறுமொறுப்பு வருமா, உள்ளே குழையுமா, எண்ணெய் குடிக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது பழத்திலும் மாவிலும் இருக்கும் தண்ணீர். பழுத்த ஏத்தம்பழத்தின் சதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான்.

முதலில் பழம். காயாக இருக்கும்போது வாழையின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க நொதிகள் அதை அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. மோரிஸ், ரொபஸ்டா என்று நாம் உரித்துச் சாப்பிடும் பழங்களில் இந்த வேலை ஏறக்குறைய முடிந்தேவிடும். கடைசியில் ஓரிரு சதவீத மாவுச்சத்துதான் மிஞ்சும். நேந்திரத்தில் அப்படியில்லை. நன்றாகப் பழுத்த பிறகும் கணிசமான மாவுச்சத்து பாக்கி இருக்கும். அந்தப் பாக்கிதான் எண்ணெயில் பழம் கரைந்துவிடாமல் நிற்பதற்குக் காரணம். சூடு எழுபது டிகிரியைத் தாண்டியதும் அந்த மாவுச்சத்துத் துகள்கள் பக்கத்திலிருக்கும் நீரை உறிஞ்சி, உப்பி, பசையாகின்றன. நீர் ஓடிப்போகாமல் கூழுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதே சட்டியில் கனிந்த ரஸ்தாளியைப் போட்டுப் பாருங்கள்: பிடித்துவைக்க ஆளில்லாமல் நீரும் சர்க்கரையும் மேல்மாவைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் வெடிக்கும், பஜ்ஜி கறுக்கும்.

இந்த வேறுபாட்டின் வேர் வாழையின் குலத்தில் இருக்கிறது. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் வாரிசுகள். முதலாவதை ஏ என்றும் இரண்டாவதை பி என்றும் குறித்து, ஒவ்வொரு ரகத்திலும் எது எத்தனை பங்கு என்று வகைப்படுத்தும் முறையை 1955-இல் நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்டு இருவரும் வகுத்தார்கள். அதன்படி நேந்திரம் ஏ.ஏ.பி. ஆனால் பூவனும் ரஸ்தாளியும்கூட ஏ.ஏ.பி.தான்! ஆக, எழுத்துக் கூட்டு மட்டும் போதாது; கிளையும் பார்க்க வேண்டும். நேந்திரம் ‘பிளாண்டெயின்’ என்னும் கிளையைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வேகவைத்தும் பொரித்தும் உண்ணும் வாழைகளில் பல அதன் பங்காளிகள். கியூபாவில் தோல் கன்னங்கரேலென்று ஆகும்வரை வைத்திருந்து, மாவே இல்லாமல், வெறும் பழத்துண்டுகளைப் பொரித்துச் சோற்றோடு வைப்பார்கள்.

கிடைத்த பழம் இன்னும் மஞ்சளாகவே இருந்தால் இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். வைக்கும் இடம் முக்கியம். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் மறுநாளே தோல் கறுத்துவிடும். பழுத்துவிட்டது என்று நினைத்து உரித்தால் உள்ளே சப்பென்று இருக்கும். வாழை வெப்பநாட்டுப் பிறவி. 13 டிகிரிக்குக் கீழே அதன் தோலின் செல்கள் சேதமடைந்து கறுக்கின்றன, பழுக்க வைக்கும் நொதிகளோ மந்தமாகிவிடுகின்றன. கறுப்பு வேறு, கனிவு வேறு.

சீக்கிரம் பழுக்க வேண்டுமானால் அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவது நம் வீட்டு வழக்கம். பழம் தானே வெளிவிடும் எத்திலீன் வாயு வெளியேறாமல் உள்ளே தங்கி, பழுப்பதை விரைவுபடுத்துகிறது. இந்த வாயு செடிகளை ஆட்டிவைக்கிறது என்று முதலில் காட்டியவர் திமித்ரி நெல்யூபோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் அவர் வளர்த்த பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்ந்தன; விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901-இல் எழுதினார். பழமும் தானே அதை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் ரிச்சர்டு கேன் ஆப்பிளை வைத்து நிறுவினார். நம் வாழைமண்டிகளில் குலைகளை அடுக்கிப் புகை மூட்டம் போட்டவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் புகையிலும் எத்திலீன் இருந்தது. கார்பைடு கல் தரும் அசிட்டிலீனும் இதே வேலையைச் செய்யும் என்றாலும், கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் இந்தியாவில் அதைக் கொண்டு பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது.

சரி, பழம் தயார். நறுக்குவதில் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். ஒரு ஏத்தம்பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்று சீவலாக்க வேண்டும். கனம் அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டலாம். சூடு பொருளின் நடுவுக்குப் போய்ச்சேரும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் சீவலின் மையத்தைச் சூடு எட்ட ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் சீவலுக்கு இரண்டல்ல, நான்கு நிமிடம். அதற்குள் மேல்மாவு கருகிவிடும். தாராள மனசோடு தடிமனாகச் சீவுகிறவர்களின் பஜ்ஜி நடுவில் பச்சையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மாவுக்கு வருவோம். இரண்டு பெரிய பழத்துக்கு ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, பிடித்தால் ஏலக்காய் அல்லது சீரகம். இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுப்பட்ட பதத்தில் கரைக்க வேண்டும். மைதாவிலுள்ள புரதங்கள் நீர் பட்டதும் பின்னிக்கொண்டு குளுட்டன் வலையாகின்றன. மாவு பழத்தில் ஒட்டி நிற்க அது வேண்டும். வலை மிஞ்சினால் மேல்தோல் ரப்பராகும். அரிசி மாவில் இந்த வலை கிடையாது என்பதால் அது மைதாவைத் தணித்து, மொறுமொறுப்பைக் கூட்டுகிறது. மாவை அடித்துக் கலக்கக் கூடாது என்று வீடுகளில் சொல்வதும் இந்த வலைக்காகத்தான். கலந்து முடித்தால் போதும், கட்டி ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை.

பழத்தின் மேல் மாவு ஒட்டாமல் பொரியும்போது சட்டையைக் கழற்றுவது பழ பஜ்ஜியின் பரம்பரை நோய். சீவலின் மேலிருக்கும் ஈரம் மாவுக்கும் பழத்துக்கும் நடுவே ஆவியாகி மாவைத் தூக்கிவிடுகிறது. கரைத்த மாவில் தோய்ப்பதற்கு முன் சீவல்களை உலர்ந்த மைதாவில் ஒரு புரட்டுப் புரட்டினால் அந்த ஈரத்தை மாவு குடித்துப் பசையாகி, இரண்டையும் ஒட்டவைக்கும்.

சோடாதான் இந்தப் பட்டியலில் ஆபத்தான பொருள். சூடு பட்டால் அது கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது, மாவு உப்புகிறது. மிஞ்சுவது சோடியம் கார்பனேட் என்னும் காரம். அளவு கூடினால் சவர்க்கார வாடை. கூடிவிட்டது என்பதை மஞ்சளே காட்டிக்கொடுக்கும்: மாவில் செம்புள்ளிகள் தோன்றும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது எந்த வேதியியலோ அதே வேதியியல். காரம் பட்டால் மஞ்சளிலுள்ள குர்க்குமின் நிறம் மாறும். மலையாள வீடுகள் சிலவற்றில் புளித்த தோசை மாவு ஒரு கரண்டி சேர்ப்பார்கள். என் கணக்கில் அதுதான் மிகச் சிறந்த யோசனை. புளிப்பிலிருக்கும் லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து வாயுவையும் தரும், மிச்சக் காரத்தையும் தின்றுவிடும்.

சுண்ணாம்பைச் சொன்னதும் கடல் தாண்டி ஒரு செய்தி. மலேசியாவில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் விற்கும் கோரேங் பீசாங் இதே பலகாரத்தின் உறவு. அங்கே நம்மவர்களும் மாலைத் தேநீரோடு அதைத்தான் சாப்பிடுகிறார்கள். அந்த மாவில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு துளி சேர்ப்பவர்கள் உண்டு. தாய்லாந்தில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரிலேயே மாவைக் கரைக்கிறார்கள். மேல்தோல் நீண்ட நேரம் மொறுமொறுப்பாக நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். பழச் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைச் சுண்ணாம்பின் கால்சியம் இறுக்கிவிடும் என்பதும் தெரிந்த விஷயம்.

இப்போது எண்ணெய். 170 முதல் 180 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளி மாவு போதும். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் சூடு போதாது. விழுந்த கையோடு சிவந்தால் சூடு அதிகம். அமிழ்ந்து உடனே மேலே வந்தால் சரி. மாவு எண்ணெயைவிடக் கனமானது. மேலே வருவது உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி அதை இலேசாக்குவதால்தான். மரக்கரண்டியின் நுனியை எண்ணெயில் விட்டுப் பார்ப்பதும் இதே சோதனை. மரத்திலுள்ள ஈரம் குமிழ் விடுகிறதா என்று பார்க்கிறோம்.

சீவலைப் போட்டதும் எழும் அந்தக் களேபரம் முழுக்கத் தண்ணீருடையது. நூறு டிகிரியில் நீர் ஆவியாகும்போது பருமன் 1,600 மடங்குக்குமேல் பெருகுகிறது. ஒரு கிராம் நீர் ஒன்றரை லிட்டருக்குமேல் ஆவியாகி, மாவில் வழி தேடி வெளியே பாய்கிறது. அது பாயும்வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. படம் விட்டதும் தியேட்டர் வாசலில் கூட்டம் வெளியே வரும்போது எதிர்த்து உள்ளே போக முயன்றவர்களுக்கு இது புரியும். அத்தோடு, நீர் இருக்கும்வரை உள்ளே சூடு நூறைத் தாண்டாது. வெளியே 180 டிகிரி எண்ணெய் சூழ்ந்திருந்தாலும் பழம் தன் சொந்த ஆவியில் வேகிறது. மேல்மாவின் வெளிப்படலம் மட்டும் நீரை முழுக்க இழந்து, நூறைத் தாண்டி, இறுகி மொறுமொறுப்பாகிறது. ஒரே பொருளில் மேலே பொரியல், உள்ளே அவியல்.

ஆவியாவதற்குச் செலவாகும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து நூறுக்குக் கொண்டுவர 290 ஜூல் போதும். அந்த நூறு டிகிரி நீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். சட்டியில் அரை லிட்டர் எண்ணெய், ஒரேயடியாக ஏழெட்டுச் சீவல்கள் என்று வையுங்கள். அவற்றிலிருந்து 10 கிராம் நீர் ஆவியாகப் பறித்துக்கொள்ளும் வெப்பம் அந்த எண்ணெயின் சூட்டை ஏறக்குறைய 25 டிகிரி இறக்கப் போதுமானது. அடியில் தீ எரிவதால் அவ்வளவு முழுதாக இறங்காது. ஆனாலும் வீட்டு அடுப்பு தோற்றுப்போகும் அளவுக்கு இறங்கும். சூடு இறங்கினால் ஆவியின் பாய்ச்சல் தளரும், மேல்தோல் இறுகத் தாமதமாகும், எண்ணெய்க்கு வாசல் திறக்கும். மூன்று மூன்றாகப் போடுவது பொறுமையின் சோதனைதான். ஆனால் அதைத் தவிர வேறு வழி கிடையாது.

கரண்டியால் எண்ணெயை மேலே வாரி விட்டு, அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போட வேண்டும். எப்போது எடுப்பது? காதைக் கேளுங்கள். ஆவி குறையக் குறையச் சலசலப்பு அடங்கும், குமிழ்கள் சிறுத்து இடைவெளி விடும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் பழம் காய்ந்துபோகும். கொஞ்சம் சத்தம் மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்ற கேள்விக்கு வருவோம். பொரியும் நேரத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உருளைக்கிழங்குச் சீவல்களைப் பொரித்து, பொரியலின் வெவ்வேறு கட்டங்களில் சாயம் கலந்த எண்ணெயைச் சட்டியில் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வேறு விடை கிடைத்தது. உள்ளே போன எண்ணெயில் பெரும்பகுதி சீவலைச் சட்டியிலிருந்து எடுத்த பிறகு போனது! காரணம் எளிது. வெளியே எடுத்ததும் மேல்தோல் ஆறுகிறது. அதன் நுண்துளைகளில் நின்ற ஆவி குளிர்ந்து நீராகிச் சுருங்குகிறது. ஆயிரத்து அறுநூறு மடங்கு விரிந்தது அதே கணக்கில் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது.

ஆகவே எண்ணெய் குடிப்பதைத் தடுக்க நமக்கு இருப்பது எடுத்த பிறகு அரை நிமிடம்தான். ஜல்லிக் கரண்டியில் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே, சூடு இருக்கும்போதே, இரண்டு உதறு உதற வேண்டும். சூடான எண்ணெய் நீர்த்து இருக்கும், எளிதில் வழியும். ஆறினால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கம்பித் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் நிறுத்தலாம். செய்தித்தாளில் போட்டு ஒற்றி எடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயில் கரையும் என்பதால் அதை விட்டுவிடும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியது. டீக்கடைகளில் அந்த அறிவுரை இன்னும் போய்ச் சேரவில்லை.

பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் நன்றி சொல்ல வேண்டியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து சூடானால் பழுப்பு நிறமும் புது மணங்களும் உண்டாவதை 1912-இல் அவர் விவரித்தார். மாவிலுள்ள புரதமும், கசிந்து வரும் பழச்சாற்றின் குளுக்கோஸ், பிரக்டோஸும் இதற்குப் போதும். பஜ்ஜியின் ஓரங்கள், பழம் எட்டிப் பார்க்கும் இடங்கள் முதலில் சிவப்பது அதனால்தான். காரம் இந்த வினையைத் துரிதப்படுத்தும். சோடா கூடிய மாவு சீக்கிரம் கறுப்பதற்கு அது இன்னொரு காரணம். இதே வினையின் ஒரு கிளையில், 120 டிகிரிக்குமேல், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உருவாகிறது என்று 2002-இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தபோது உலகமே உருளைக்கிழங்கு வறுவலைச் சந்தேகத்தோடு பார்த்தது. பழ பஜ்ஜியை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. பொன்னிறத்தில் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. கரும்பழுப்பில் சுவையும் கசப்புக்குப் போய்விடும்.

எந்த எண்ணெய்? கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் தேங்காய் எண்ணெய்தான் என்று அடித்துச் சொல்வார்கள். ஏத்தம்பழத்தின் இனிப்போடு அந்த மணம் சேரும்போது மறுத்துப் பேச எனக்கும் மனம் வருவதில்லை. அதன் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றது. இதயத்துக்கு அது நல்ல செய்தியல்ல, ஆனால் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து கெடுவது குறைவு. செக்கில் ஆட்டியது 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கிவிடும். தீயைக் கண்காணிக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடாது: மீதியிருக்கும் வேறு எண்ணெயோடு அதைக் கலப்பது. நீர் எண்ணெயைச் சிதைக்கும்போது தேங்காய் எண்ணெயிலிருந்து பிரியும் நடுத்தரச் சங்கிலி அமிலங்கள் வேறு எண்ணெயோடு சேர்ந்தால் நுரை பொங்கும், சட்டியைத் தாண்டி அடுப்பில் வழியும்.

பொரித்த எண்ணெயை எத்தனை முறை எடுத்தாளலாம் என்பதற்கு வீட்டில் அளவுகோல் கிடையாது. சிதைவில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டம் சொல்கிறது. கடைகளில் அளக்கக் கருவிகள் உண்டு. நாம் பார்க்க வேண்டியது நிறம், கெட்டித்தன்மை, அடங்காத நுரை. பழ பஜ்ஜி போட்ட எண்ணெய் மற்ற எண்ணெயைவிடச் சீக்கிரம் கறுக்கும், உதிர்ந்த மாவும் சர்க்கரையும் அடியில் கருகிக் கிடப்பதால். ஆறியதும் துணியில் வடித்துவிட்டால் கொஞ்சம் ஆயுள் கூடும்.

பஜ்ஜி சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்பதற்கும் தண்ணீர்தான் காரணம். பழத்தில் ஈரம், மேல்தோலில் வறட்சி. ஈரம் வறண்ட இடத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணியில் மொறுமொறுப்பு போய்த் துவண்டுவிடும். விருந்தாளி வரும்வரை சூடாக இருக்கட்டும் என்று ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் பத்தே நிமிடத்தில் துவளும், வெளிவரும் ஆவி மூடியில் பட்டு மறுபடி அதன் மேலேயே சொட்டுவதால். மைக்ரோவேவ் இன்னும் மோசம். பழத்துக்குள் இருக்கும் நீரைச் சூடாக்கி மேல்தோலுக்குள் தள்ளிவிடும். மிஞ்சியதைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், மூடாமல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் மேல்தோலின் ஈரம் மட்டும் காய்ந்து, முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பும்.